துணை அமைச்சருக்கு முதுகு காட்டிய ஆன்டெனா

டெசிபலைப் பேரம் பேசிக் கூட்ட முடியாது என்று தத்தாங் ருஸ்மானா படித்திருந்தார். பாண்டுங் நகரத்துத் தேசிய மில்லிமீட்டர் அலை வாரியத்தில் வேலைக்குச் சேரும்வரை அதை நம்பியும் இருந்தார்.

வாரியம் பராமரிக்கும் அலை, நீளத்தில் ஓர் அரிசிமணி இருக்கும். கம்பி இழுக்க வழியில்லாத மலைகளுக்குப் படத்தையும் பேச்சையும் ஏற்றிப் போகும். ஆனால் குணம் கொஞ்சம் சிக்கல். மழையைக் கண்டால் சோர்ந்துவிடும், சுவரைக் கண்டால் நின்றுவிடும், தகரத்தைக் கண்டால் வந்த வழியே திரும்பிவிடும். வாரியத்துக்குப் போகும் மனுக்களுக்கும் ஏறக்குறைய இதே குணம்தான் என்பதால் ஊழியர்களுக்கு அலையைப் புரிந்துகொள்வதில் கஷ்டம் இருந்ததில்லை.

இப்படிப்பட்ட அலையை நாலாபக்கமும் இறைத்தால் எங்குமே போய்ச் சேராது. ஒரே பக்கமாகக் குவித்து, குறிபார்த்து அனுப்ப வேண்டும். குவிக்கும் அந்தப் பலத்துக்குத்தான் கெயின் என்று பெயர். உள்ளங்கை அகலத் தகட்டில் முப்பது டெசிபல் கெயின் தரும் ஆன்டெனா ஒன்றைத் தத்தாங் வடிவமைத்திருந்தார். தலைமுடியில் பாதி அவ்வேலையில் போயிற்று. மீதி ஒப்புதல் கூட்டத்தில் போயிற்று.

வாரியத்தில் ஒரு கூட்டம் எவ்வளவு முக்கியமானது என்பதைப் பலகார டப்பாவைத் திறந்து தெரிந்துகொள்ளலாம். சோற்றுச் சுருளான லெம்பெர் ஒன்றும் பொரித்த ரிசோல் ஒன்றும் மட்டும் இருந்தால் அது தகவல் சொல்லும் கூட்டம். கூட ஒரு கேக் துண்டு இருந்தால் முடிவெடுக்கும் கூட்டம். அதற்கும் மேல் பழத்துண்டு இருந்தால், முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று என்று பொருள். அன்று பப்பாளி இருந்தது.

தலைவர் பேராசிரியர் டாக்டர் இன்ஜினியர் ஹாஜி பூர்வோசுசாந்தோ மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். பட்டங்கள் பெயருக்கு முன்னால் நான்கு, பின்னால் மூன்று. மற்றவற்றை இருந்த இடத்திலேயே வாங்கிவிட்டார். ஹாஜி பட்டத்துக்கு மட்டும் அவரே நேரில் போக வேண்டியிருந்தது. அதனால் அதன்மேல் அவருக்குத் தனிப் பிரியம்.

"முப்பதா?" என்றார், ரிசோலைப் பச்சைமிளகாயோடு கடித்தபடி.

"முப்பது, பாக்," என்றார் தத்தாங். பெரியவர்களை அப்படித்தான் அழைப்பது அங்கே.

"அக்கம்பக்கத்து நாட்டுக்காரன்லாம் எவ்வளவு சொல்றான்?"

"அவங்களுதும் இதே அளவுதான் பாக். இந்தத் தகட்டுக்கு இயற்கை அவ்வளவுதான் குடுக்கும்."

"அது முதல் வெலைப்பா. நாப்பதுன்னு கேளு."

"நாப்பது வேணும்னா தகடு பத்து மடங்கு பெரிசாகணும் பாக்."

"பெரிசா? பாதியாகணும். திறந்துவைக்க வர்ற துணை அமைச்சருக்குச் சின்னதாத்தான் பிடிக்கும். சட்டைப் பையிலேர்ந்து எடுத்துக் காட்டணும்னு ஆசைப்படறார்."

"பாதியாக்கினா இருபத்தேழுதான் வரும்."

"சரி. உன் பேச்சும் வேணாம், என் பேச்சும் வேணாம். முப்பத்தஞ்சு. எழுதிக்கோங்க."

துணிக்கடையாக இருந்தால் இந்த இடத்தில் கடைக்காரர் துணியை மடித்து உள்ளே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். வாங்க வந்தவர் எழுந்து போவதுபோல் இரண்டடி போய்த் திரும்புவார். பிறகுதான் விலை படியும். இங்கே கடைக்காரர் இயற்கை. அதற்குக் கூட்ட அழைப்பு அனுப்பப்படவில்லை.

தத்தாங் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். ஆன்டெனாவிலிருந்து அலை புறப்படும் விதம் நீண்ட விரல்போல் ஒரே பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. மற்ற பக்கங்களில் சின்னச் சின்னக் குமிழ்கள்.

தலைவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "இதென்ன, ஒரு பக்கமாவே போகுது?"

"அதுதான் கெயின், பாக். ஆன்டெனா புதுசா எதையும் உண்டாக்கறதில்ல. எல்லாப் பக்கமும் போக வேண்டியதை எடுத்து ஒரே பக்கமா அனுப்புது. அவ்வளவுதான்."

மூடி ஒட்டிய தண்ணீர்க் கோப்பையில் ஒருவர் உறிஞ்சுகுழாயைக் குத்தும் சத்தம் கேட்டது.

"எல்லாருக்கும் போக வேண்டியதை எடுத்து ஒருத்தனுக்கே குடுக்கறது," என்றார் தலைவர் மெதுவாக. "தத்தாங், அதுக்கு நம்ம நாட்டுல வேற பேர் உண்டு. அதுக்காக ஜெயில்ல தனிக் கட்டடமே இருக்கு."

"பாக், இது வெறும் அலை."

"அரசாங்க அலை. நான் இந்த நாற்காலிக்கு வந்ததிலேர்ந்து எதையும் ஒரு பக்கமா சாய விட்டதில்ல. பெயின்ட் ஒப்பந்தம் பெரிய மச்சானுக்கு, சாப்பாடு ஒப்பந்தம் சின்ன மச்சானுக்கு. ரெண்டு பேருக்கும் சமம். ஒருத்தன் குறை சொன்னதுண்டா? சமூக நீதின்னு சுவத்துல எழுதி மாட்டியிருக்கோம். அதுக்குக் கீழ உக்காந்துக்கிட்டு ஒரு சிக்னல் கோபுரத்துக்கு மட்டும் சலுகை காட்டற கருவிக்கு நான் ஒப்புதல் குடுக்க முடியுமா? எல்லாத் திசைக்கும் முப்பத்தஞ்சு. இதுல மாத்தமில்ல."

பப்பாளி பரிமாறப்பட்டது.

தத்தாங் வெளியே வந்ததும் கைப்பேசி அடித்தது. சிபாகு மலைக் கிராமத்து மருத்துவச்சி இமாஸ், சிக்னல் எட்டும் சாலை வளைவுக்கு வந்து கூப்பிட்டிருந்தாள். ஆன்டெனா போகவேண்டியது அவளுடைய சுகாதார நிலையத்துக்குத்தான். தேயிலைச் சரிவு மழைக்கு மழை வழுக்கி இறங்குவதால் அங்கே கம்பி நிற்பதில்லை. எதிர்மலைக் கோபுரத்தோடு இணைப்புக் கிடைத்தால், கர்ப்பிணியை ஸ்கேன் செய்யும்போதே கீழே நகர மருத்துவமனை டாக்டர் திரையில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

"என்ன காங், கூட்டம் முடிஞ்சுதா?" என்றாள் இமாஸ். அவளுக்கு அவர் அண்ணன் முறை மாதிரி.

"முடிஞ்சுது."

"நல்லபடியாவா, பப்பாளியோடவா?"

"பப்பாளியோட."

அவள் தன் ஊர்க் கர்ப்பிணி ஒருத்தியைப் பற்றிச் சொன்னாள். "சுமியாத்திக்கு ரெட்டைன்னு நினைக்கறேன் காங். வயித்தைத் தொட்டா ரெண்டு தலை தட்டுப்படுது, ஒண்ணு குறுக்கால கெடக்கற மாதிரி. டாக்டர் ஒருதடவை பாத்துட்டார்னா முன்னாலயே கீழ எறக்கிடுவேன். போன வருஷம் மாதிரி சிக்னல் தேடிக்கிட்டு வளைவு வரைக்கும் பைக்ல போயிட்டு வரதுக்குள்ள..." நிறுத்திக்கொண்டாள். "சரி, நீங்க என்ன பண்ணுவீங்க. சீக்கிரம் பாருங்க."

போன வருஷம் என்ன ஆனது என்று தத்தாங்குக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் பெயரை இருவருமே சொல்வதில்லை.

வாரிய விதிப்படி, ஒப்புக்கொண்ட எண்ணைச் சோதனை அறையில் காட்டாத எந்த ஆன்டெனாவும் வாசல் தாண்டக் கூடாது. துணை அமைச்சர் சிபாகுவுக்கு வரும் நாள் குறித்தாயிற்று. அதற்குள் காட்டாவிட்டால் திட்டம் மூடப்படும். ஆன்டெனா அலமாரிக்குப் போகும். அலமாரியில் ஏற்கெனவே இடமில்லை.

அளவுப் பிரச்சினையை விழா நெறிமுறைப் பிரிவின் தலைவி ஹெராவதி அம்மாள், அங்கே சொல்வதுபோல் இபு ஹெராவதி, ஒரு மதியத்தில் தீர்த்துவிட்டார். தலைவரின் ஓட்டுநருக்கு வாரியத்திலேயே பெரிய கை. ஆன்டெனாவை அந்தக் கையில் வைத்துப் படம் எடுத்தார். பாதி அளவாகத்தான் தெரிந்தது. மிச்சமிருந்தது நீதிப் பிரச்சினை.

சோதனை அறை கட்டடத்தின் கோடியில் இருந்தது. சுவர், தரை, கூரை எல்லாம் கருநீல நுரைக் கூம்புகள், பலாபோல் முள்ளான டுரியான் பழத்தின் தோலை உட்புறமாகத் திருப்பிப் போட்டதுபோல. உள்ளே புறப்படும் அலை எந்தச் சுவரில் பட்டாலும் அந்த இடுக்குகளுக்குள் போய் மாய்ந்துவிடும். எதுவும் திரும்பி வராது. அப்போதுதான் ஆன்டெனா உண்மையிலேயே எந்தப் பக்கம் எவ்வளவு அனுப்புகிறது என்று தெரியும். வாரியத்தில் உண்மை தெரிவதற்கென்று ஒதுக்கப்பட்ட ஒரே அறை அது.

தத்தாங் அங்கே தினமும் போய் ஆன்டெனாவைச் சுற்றும் மேடையில் வைத்து அளந்தார். தினமும் விரல் ஒரே பக்கம் நீண்டது. அவர் ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடி அளப்பார். விரல் மறுபடி நீளும்.

"அதுகிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லிப் பாருங்களேன் காங்," என்றான் அறையைப் பார்த்துக்கொள்ளும் வவான். "மேலிடத்து உத்தரவுன்னு."

ஒரு திங்கட்கிழமை காலை தத்தாங் வந்தபோது வவான் அறை வாசலில் குந்தியிருந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"உள்ள போகாதீங்க காங். கண்ணு கூசும்."

தத்தாங் கதவைத் திறந்தார். அறை பளபளவென்று வெள்ளியாக இருந்தது. கூம்பு கூம்பாக, நுனிமுதல் அடிவரை, வீட்டு இரும்புக் கேட்டுக்கு அடிக்கும் அலுமினியப் பெயின்ட். இரண்டு பூச்சு.

"துணை அமைச்சர் இங்கயும் வந்து படம் எடுத்துக்குவாராம்," என்றான் வவான். "இபு ஹெராவதி வெள்ளிக்கிழமை எட்டிப் பாத்தாங்க. இழவு வீடு மாதிரி இருட்டா இருக்குன்னாங்க. நாங்க எவ்வளவோ சொன்னோம். அழகுபடுத்தற நிதி இந்த மாசத்தோட காலாவதியாகுதாம்."

அங்கேயே இபு ஹெராவதியும் வந்து சேர்ந்தார். பாத்திக் சட்டை, கையில் வாக்கிடாக்கி. "எப்படி பாக் தத்தாங்? இப்பதான் அறை மாதிரி இருக்கு, இல்ல?"

"இபு, இந்த அறைக்கு வேலையே அலையை முழுங்கறது. இதுமேல உலோகப் பூச்சு அடிச்சா எல்லாத்தையும் திருப்பி அடிக்கும்."

"திருப்பிக் குடுத்தா நல்லதுதான? இத்தனை வருஷமா முழுங்கிக்கிட்டு இருந்துதுன்னா யார் பொறுப்பு? தணிக்கைக்காரங்க காதுல விழற மாதிரி பேசாதீங்க."

தத்தாங் உள்ளே போனார். பழக்கத்தினால் ஆன்டெனாவை மேடையில் வைத்தார். மேடை சுற்றியது. ஆன்டெனா ஒரு பக்கம் அனுப்பியதை ஒரு சுவர் இன்னொரு சுவருக்குத் தள்ளியது, அது கூரைக்கு, கூரை தரைக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அளவுக் கருவிக்கு ஏதோ ஒரு வழியாக அலை வந்துகொண்டே இருந்தது. திரையில் விரலைக் காணோம். அந்த இடத்தில் உருண்டையாக ஒரு வட்டம். வந்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டு எண் முப்பத்தாறைத் தொட்டு நின்றது.

வவான் காப்பியைக் கீழே வைத்தான். "காங், ஒண்ணு கூடவே குடுத்திருக்கு."

செய்தி கேட்டுத் தலைவரே நடந்து வந்தார். அவர் அந்த அறைக்கு வருவது அதுதான் முதல்தடவை. திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஒரு திசையைக்கூட விடலையே," என்றார்.

"பாக், இது ஆன்டெனா இல்ல. பெயின்ட்."

"என்ன பெயின்ட்?"

"கேட்டுக்கு அடிக்கறது. அறை பொய் சொல்லுது பாக்."

"அரசாங்க அறை பொய் சொல்லுதுன்னு எழுத்துல குடுப்பியா?" தலைவர் அவர் தோளில் கை போட்டார். "இதோ பார் தத்தாங். உனக்கு இயற்கை முப்பதுன்னு சொல்லுச்சு. நான் பேசினேன். இபு ஹெராவதி ஒரு பூச்சு பூசினாங்க. இப்ப முப்பத்தாறு. இதுக்குப் பேர்தான் நிர்வாகம். ஆராய்ச்சிக்காரங்ககிட்ட எனக்குப் பிடிக்காதது என்னன்னா, கெடைக்கறதை வாங்கிக்கத் தெரியாது. எங்கேர்ந்து வந்துதுன்னு நோண்டுவாங்க. நான் என் வாழ்க்கையில ஒருநாளாவது அப்படிக் கேட்டிருந்தா இந்த நாற்காலி கெடைச்சிருக்குமா?"

இபு ஹெராவதியின் பெயர் கண்டுபிடிப்பாளர் வரிசையில் இரண்டாவதாகச் சேர்க்கப்பட்டது. பெரிய மச்சானின் பெயர் மூன்றாவதாக.

சான்றிதழ் தத்தாங்கின் மேசைக்கு வந்தது. 'எத்திசையில் திருப்பினும் செயல்திறன் மாறாது' என்று அதில் அச்சாகியிருந்தது. கீழே அவர் கையெழுத்துக்கு இடம். அவர் பேனாவை எடுத்தார், வைத்தார். ஆன்டெனா நல்ல ஆன்டெனா, அதில் சந்தேகமில்லை. கோபுரத்தைப் பார்த்து நேராகக் கட்டிவிட்டால் மலைக்கு மலை பேசும். பொய் காகிதத்தில் மட்டும்தான். கையெழுத்துப் போடாவிட்டால் உண்மை காகிதத்தில் இருக்கும், ஆன்டெனா அலமாரியில் இருக்கும், இமாஸ் வளைவு வரைக்கும் பைக்கில் போவாள்.

போட்டார். போட்டபோது வருத்தமாகக்கூட இல்லை. களைப்பாக இருந்தது.

விழாவுக்கு முதல்நாளே அவரும் வவானும் மலையேறி, சுகாதார நிலையத்து முற்றத்தில் கம்பம் நட்டு, ஆன்டெனாவை எதிர்மலைக் கோபுரத்துக்கு நேராக மயிரிழை பிசகாமல் திருப்பி இறுக்கினார்கள். அன்று சாயங்காலமே இமாஸின் திரையில் நகர மருத்துவமனையின் டாக்டர் தியா வந்தார். நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை ஆட்டினார்.

"இவ்வளவு தெளிவாவா?" என்றாள் இமாஸ். "டாக்டர், உங்க நூடுல்ஸ்ல முட்டை இருக்கறதுகூடத் தெரியுது."

"நாளைக்கு விழா முடியட்டும், அந்த ரெட்டைப்பிள்ளைக்காரியை உக்கார வையுங்க. பாத்துடலாம்," என்றார் டாக்டர்.

மறுநாள் காலை வெள்ளைக் கூடாரம், தங்கநிறத் துணி போர்த்திய நாற்காலிகள், கேக்குக்குப் பதில் வெட்டும் மஞ்சள் சோற்றுக் கோபுரம் எல்லாம் வந்து இறங்கின. கடைசியாக இபு ஹெராவதி இறங்கினார். முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர் கம்பத்தடியில் நின்றுவிட்டார்.

"பாக் தத்தாங். இது எங்க பாத்துக்கிட்டு இருக்கு?"

"கோபுரத்தை, இபு."

"துணை அமைச்சர் நாற்காலி எங்க இருக்கு?"

"அந்தப் பக்கம்."

"அப்ப இது அவருக்கு விலாவைக் காட்டுது. கொஞ்சம் தள்ளி உக்காந்தார்னா முதுகையே காட்டும். நான் இந்த வேலைக்கு வந்து எத்தனை அமைச்சரைப் பாத்தாச்சு. ஒருத்தருக்கும் ஒரு பூந்தொட்டிகூட முதுகு காட்டினதில்ல."

"இபு, ஆன்டெனாவுக்கு முன்பக்கம்தான் எல்லாம். திருப்பினா இணைப்பு செத்துடும்."

இபு ஹெராவதி கைப்பையிலிருந்து சான்றிதழின் நகலை எடுத்தார். சத்தமாகவே படித்தார். "எத்திசையில் திருப்பினும் செயல்திறன் மாறாது. கையெழுத்து, இன்ஜினியர் தத்தாங் ருஸ்மானா." மடித்து வைத்துக்கொண்டார். "உங்க கையெழுத்தை நீங்களே நம்பலேன்னா வேற யார் நம்புவாங்க, சொல்லுங்க?"

இரண்டு ஆட்கள் திருகுகளைத் தளர்த்தி ஆன்டெனாவைத் துணை அமைச்சரின் நாற்காலிக்கு நேராகத் திருப்பினார்கள். உள்ளே திரை கறுத்துப்போனது. இபு ஹெராவதிக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. மலையேறும் எந்த விழாவுக்கும் அவர் முன்கூட்டியே எடுத்த ஒரு வீடியோவைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் வருவார்.

விழா நடந்தது. நாட்டு வாழ்த்து, பிரார்த்தனை, வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை. தலைவர் பேசும்போது, "இந்த ஆன்டெனா யாருக்கும் முதுகு காட்டாது," என்றார். கைத்தட்டல். துணை அமைச்சர் திரையின் முன் வந்து உட்கார்ந்தார். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் தோன்றினார். தத்தாங் உற்றுப் பார்த்தார். வவான். பின்னால் வாரியத்துக் கேன்டீனின் திரைச்சீலை.

"நல்லா இருக்கீங்களா டாக்டர்? சாப்பிட்டாச்சா?" என்றார் துணை அமைச்சர்.

"ஆமாம் ஐயா, படம் மிகத் தெளிவாக இருக்கிறது," என்றான் திரையில் வவான்.

"அங்க மழை உண்டா?"

"எல்லாம் தங்கள் வழிகாட்டுதலால்தான் ஐயா."

துணை அமைச்சர் திருப்தியோடு தலையாட்டினார். அவருக்கு இப்படிப்பட்ட பதில்கள் பழக்கம். தத்தாங் பக்கத்தில் நின்ற உண்மையான வவானைத் திரும்பிப் பார்த்தார்.

"கோட்டு சலவைக்காரன்கிட்ட வாங்கினது காங்," என்றான் அவன், உதட்டை அசைக்காமல். "பேட்டா உண்டுன்னாங்க."

சோற்றுக் கோபுரத்தின் நுனி வெட்டப்பட்டது. பிறகு ஒரு கருநிறப் பட்டுத் துணி விலக்கப்பட்டு, மேசை அகலத்துக்கு, முகம் பார்க்கலாம்போல் பளபளக்கும் எஃகுப் பலகை ஒன்று திறந்துவைக்கப்பட்டது. தலைவரின் பெயர் முன்னும் பின்னும் பட்டங்களோடு அதில் பொறித்திருந்தது. கடைசியாகக் கம்பத்தின் திருகுகளில் கம்பி சுற்றி அரக்கு முத்திரை வைத்தார்கள். இனி அது அரசாங்கச் சொத்து. முத்திரை உடைந்தால் கருவி விசாரணைக்காகப் பாண்டுங்குக்குத் திரும்பிவிடும். விசாரணைக்குப் போன எதுவும் திரும்பி வந்ததாக வாரியத்தில் யாருக்கும் நினைவில்லை.

வண்டிகள் இறங்கிப் போயின. முற்றமெல்லாம் பலகார டப்பாக்கள். இமாஸ் ஒரு சாக்கை எடுத்து அவற்றைப் பொறுக்கிப் போட ஆரம்பித்தாள். படிக்கட்டில் சுமியாத்தி, தன் பெரிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்தே அங்கேதான் இருந்தாள். விழாவில் கர்ப்பிணி ஒருத்தி இருந்தால் படத்துக்கு நன்றாக இருக்கும் என்று முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

"டாக்டர் எப்ப வருவாங்க தேதே?" என்றாள் சுமியாத்தி. அந்தப் பக்கத்தில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இமாஸ் தத்தாங் பக்கம் திரும்பினாள். "உடைச்சுடுங்க காங். நான் ஆடு முட்டிடுச்சுன்னு சொல்லிக்கறேன்."

"அடுத்த வாரமே வந்து கழட்டிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் ஆன்டெனாவே இருக்காது."

"இப்ப மட்டும் இருக்கா? நாற்காலியைப் பாத்துக்கிட்டு நிக்குது. நாற்காலியும் போயாச்சு."

வவான் அவசரமாக எதையோ மூடப்போவதுபோல் கோழிக்கூண்டுப் பக்கம் போனான். அங்கே இன்னொரு எஃகுப் பலகை சாய்ந்திருந்தது.

"இது எங்கேர்ந்து?" என்றார் தத்தாங்.

"முதல்ல செஞ்சது காங். வண்டியில வந்துது. பட்டங்கள்ல ஒண்ணு விட்டுப்போச்சு, ஹாஜி. காலைல தலைவர் பாத்துட்டு ஆடின ஆட்டம் இருக்கே... கண்ணுல படாம ஒழிச்சுக்கட்டுன்னார். இமாஸ் தேதே கூண்டுக்குக் கதவாக்கிக்கறேன்னாங்க."

தத்தாங் குனிந்தார். பலகையில் அவருடைய களைத்த முகம் தெரிந்தது. கொஞ்சம் நகர்ந்தார். முகம் விலகி, தேயிலைச் சரிவு வந்தது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். ஒன்று குறைந்த பட்டங்களுக்கு நடுவே, பூர்வோசுசாந்தோ என்ற பெயரின் மேல், எதிர்மலைக் கோபுரம் குத்துக்கல்லாக நின்றது.

அவர் கொஞ்சநேரம் அப்படியே குனிந்திருந்தார். முதுகு பிடித்துக்கொண்டதோ என்று வவான் பயந்தான்.

"வவான். நம்ம அறையைப் பொய் சொல்ல வச்சது எது?"

"பெயின்ட்."

"தகரத்தைக் கண்டா திரும்பும். அவ்வளவுதான அதுக்குத் தெரியும்? ஒரு மூங்கில் கொண்டா. ரெண்டு கொண்டா."

ஆன்டெனாவை யாரும் தொடவில்லை. முத்திரை அரக்கு உலர்ந்து அப்படியே இருந்தது. அது பார்த்துக்கொண்டிருந்த திசையில், துணை அமைச்சரின் நாற்காலி இருந்த இடத்தில், இரண்டு மூங்கில்களை நட்டுப் பலகையைச் சாய்வாகக் கட்டினார்கள். ஆன்டெனா பலகைக்கு அனுப்பும், பலகை கோபுரத்துக்குத் திருப்பும். இமாஸ் உள்ளே திரையருகே நின்று கத்தினாள்: "இல்ல... இல்ல... கொஞ்சம் வந்துது, போச்சு. தலைவரைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ச்சு விடுங்க. அதிகமாச்சு. நிமித்துங்க. அங்கயே இருக்கட்டும், அங்கயே இருக்கட்டும்."

டாக்டர் தியாவின் குரல் முற்றம்வரை கேட்டது. "என்ன இமாஸ், காலைலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன். விழாவாமே, ஒருத்தருமே என்கிட்ட பேசலையே?"

சுமியாத்தியை உள்ளே கூட்டிப் போனார்கள். தத்தாங் வெளியே மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். காற்று அடித்தபோதெல்லாம் தலைவரின் பெயர் நடுங்கியது. உள்ளே டாக்டர் விட்டுவிட்டுப் பேசினார். பிறகு இமாஸ் கட்டுத்துணியைக் கொண்டுவந்து பலகையின் நாலு மூலையையும் இழுத்துக் கட்டினாள்.

"ரெட்டைதான் காங். ஒண்ணு குறுக்கால. நாளைக்கே கீழ எறக்கச் சொல்லிட்டாங்க, கட்டில் ஒதுக்கியாச்சு." கட்டி முடித்துவிட்டுப் பலகையைப் படித்தாள். "இவர் யாரு காங்?"

"எங்க தலைவர்."

"பரவால்ல. முதல்தடவையா நாம சொல்றதை ஒருத்தர் அப்படியே அந்தப்பக்கம் சொல்றார்."

மூன்று வாரம் கழித்து மேற்பார்வைக் குழு மலையேறியது. இறங்கியதும் தலைவர் தத்தாங்கை அழைத்தார். மேசையில் பலகையின் புகைப்படம். அவர் முகம் கனிந்திருந்தது.

"என் பேரை மூங்கில் நட்டு உசரத்துல கட்டியிருக்காங்களே. மலை ஜனங்களுக்கு எவ்வளவு விசுவாசம். ஆனா ஒண்ணு, மலையைப் பாக்க வச்சிருக்காங்க. ரோட்டைப் பாத்துத் திருப்பச் சொல்லி உத்தரவு போட்டுடலாம். நாலு பேர் படிக்கணும் இல்ல?"

தத்தாங்கின் வாயில் பழைய பதில் வந்தது: 'பாக், அலை அந்தப் பலகையில பட்டுத் திரும்பி...' அதை விழுங்கினார். இத்தனை வருஷம் இந்த மனிதரிடம் இயற்கையின் விலையையே சொல்லிக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்று அவருக்குத் தோன்றியது.

"திருப்பிடலாம் பாக்," என்றார். "ஒரே ஒரு விஷயம். அது முதல்ல செஞ்ச பலகை."

"எந்த முதல்ல?"

"ஹாஜி இல்லாதது."

தலைவர் புகைப்படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தார்.

"கழட்டிடலாமா பாக்?" என்றார் தத்தாங். துணிக்கடைக்காரர் துணியை மடிப்பதுபோல் மெதுவாக.

"கழட்டினா ஏன் கழட்டினாங்கன்னு கேப்பாங்க. விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சிடும்." தலைவர் யோசித்தார். "ரோட்டுப் பக்கம் திருப்பவே கூடாது. மலையைப் பாத்தே இருக்கட்டும். யாரும் கை வைக்கக் கூடாதுன்னு முத்திரை போட்டுடு."

"சரி பாக்," என்றார் தத்தாங். "எவ்வளவு சாய்வுல இருக்கோ அப்படியேவா?"

"அப்படியே. மயிரிழை நகரக் கூடாது."

உத்தரவு அன்றே தட்டச்சாயிற்று. வவான் அதை வாங்கிப் படித்துவிட்டு, இன்னும் பளபளத்துக்கொண்டிருந்த சோதனை அறையின் வாசலில் குந்தினான். திட்டத்தில் இன்னும் பதினோரு மலைக் கிராமங்கள் பாக்கியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் விழா உண்டு, நாற்காலி உண்டு.

"பலகை செய்யறவனுக்கு இப்பவே சொல்லிடணும் காங்," என்றான். "அடுத்த ஊருக்கு எந்தப் பட்டத்தை விடறது?"

"இன்ஜினியரை விடு," என்றார் தத்தாங். "அதை யாரும் தேட மாட்டாங்க." சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "வேண்டாம், அவருக்கும் தெரியாமப் போயிடும். அப்புறம் பலகையை யார் ஒதுக்கிப் போடுவாங்க? ஹாஜியையே விடச் சொல்லு."

சிபாகுவில் அந்தப் பலகை முத்திரையோடு அப்படியே இருக்கிறது. சாலையில் போகிறவர்களுக்கு அதன் முதுகுதான் தெரியும். எதிர்மலைக் கோபுரம் மட்டும் நாள் முழுக்க அதை நேருக்கு நேர் படித்துக்கொண்டிருக்கிறது. ஒரு பட்டம் குறைகிறதென்று அங்கிருந்து இதுவரை புகார் எதுவும் வரவில்லை.